என் பெயருக்கு ஒரு பதக்கம்

மலாக்காவில் என் தம்பியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்ற கவலையோடுதான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கப்பலில் வாந்தி எடுத்த களைப்பு இருந்தது. பெட்டியின் கைப்பிடி வழியிலேயே அறுந்துபோய் அதைத் தோளில் சுமந்த வலி இருந்தது. ஆனாலும் அந்தக் கவலைதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

கூட்டத்துக்கு நடுவே அவன் கையசைத்தான். பதினேழு வயதில் மீசை அரும்பாமல் போனவன், பாதித் தலை நரைத்து, காக்கிக் கால்சட்டையும் வெயிலில் கறுத்த முழங்கையுமாக நின்றான். நான் வாயைத் திறந்து "வே..." என்று ஆரம்பித்து, அதைப் பெரிய இருமலாக மாற்றிக்கொண்டேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்திருக்கும்போதே காதோரம் சொன்னான்.

"அண்ணே, அந்தப் பேர மட்டும் கூப்புட்ராதீங்க. பாக்கியத்துக்கே தெரியாது."

வாசகர்களுக்கு இதை உடனே சொல்லிவிடுகிறேன். அவன் பெயர் வேலாயுதம், வீட்டில் வேலு. என் பெயர் இராமலிங்கம். ஆனால் மலாயாவில் அவன் பெயரும் இராமலிங்கம்தான்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பலுக்கு ஆள் எடுத்த முகாமில் என் பெயரைத்தான் பதிந்தார்கள். தடுப்பூசி போட்டதும் எனக்குத்தான். கப்பல் புறப்படும் நாள் வந்தது. கடலைப் பார்த்தேன், கப்பலில் ஏற முடியாது என்று தெரிந்தது. ஒண்ணுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வழியனுப்ப வந்த தம்பியிடம் சீட்டைக் கொடுத்தவன், திரும்பிப் போகவில்லை. ஒரு உப்புக் கிடங்கின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெயர் கூப்பிட்டதும், வீட்டுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று அவன் ஏறிவிட்டான். நான் ஊரில் ஆசிரியராகி, தலைமையாசிரியராகி, குழந்தைகளுக்குத் தைரியத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொண்டிருக்கிறேன்.

இப்போது மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்து, கொடி மாறி, நாடு சொந்தக் காலில் நிற்கிறது. நாட்டுக்குச் சேவை செய்த குடிமக்களுக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள். மலாக்கா நகரத்தின் மலேரியா ஒழிப்பு வேலையில் இத்தனை காலம் கால்வாய் கால்வாயாக எண்ணெய் தெளித்த, செல்லப்பன் மகன் இராமலிங்கத்துக்கும் ஒன்று. 'நீங்க வந்து பாக்கணும் அண்ணே' என்று தம்பி எழுதியிருந்தான். நான் வந்துவிட்டேன். ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு இராமலிங்கங்கள் ஒரே ஊரில் இருப்பது எவ்வளவு ஆபத்தான விஷயம் என்று கப்பலில்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

தம்பியின் வீடு காஜா பெராங்கில், செட்டிக் கம்பத்தை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. கம்பம் என்றால் குடியிருப்பு. பலகைச் சுவர், தகரக் கூரை, வாசலில் செம்பருத்தி. அவன் மனைவி பாக்கியம் இந்த நாட்டிலேயே பிறந்தவள். முக்காடு போட்டுக்கொண்டு வந்து விழுந்து கும்பிட்டாள்.

"மாமா, மொதல்ல பசியாறுங்க. அவுங்க ஒங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல."

பசியாறுவது என்றால் இங்கே காலைப் பலகாரம் சாப்பிடுவது. வாழையிலைப் பொட்டலத்தில் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே மிளகாய்ச் சாந்தில் புரட்டிய நெத்திலி. காலையில் சோறா என்று முகம் சுளித்தவன், நெத்திலியைக் கண்டதும் இரண்டாவது பொட்டலத்தையும் பிரித்துவிட்டேன். பாக்கியத்தின் முகத்தைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. இத்தனை வருடம் என் கடிதங்களில் அனுப்புநர் என்ற இடத்தில் 'தலைமையாசிரியர்' என்று மட்டும்தான் எழுதிவந்தேன். முதலில் அது பெருமைக்கு. பிறகு தம்பி கேட்டுக்கொண்டதற்காக. பாவம், அவளுக்கு நான் பெயரில்லாத ஒரு மாமா.

அன்று தூங்குவதற்குக் கொசுவலை கேட்டேன். எங்கள் ஊரில் வலையில்லாமல் படுத்தால் காலையில் முகம் அடையாளம் தெரியாது. தம்பி சிரித்துக்கொண்டே, வேண்டாம் என்று தலையாட்டினான். கதவு ஜன்னல் எல்லாம் திறந்தபடி படுத்தேன். காதோரம் ஒரு ரீங்காரம்கூட இல்லை. அவனுக்கு எதற்குப் பதக்கம் என்பது எனக்கு அப்போதுதான் உடம்பில் உறைத்தது. கூடவே ஒரு பொறாமையும் வந்தது. பதக்கம் என் பெயருக்கு; நான் ஒரு குட்டையைக்கூட மூடியதில்லை.

மறுநாள் காலை தம்பி வேலைக்குப் போய்விட்டான். பாக்கியம் சந்தைக்குப் போயிருந்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தேன். எதிர் வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி படம், விளக்கு. ஆனால் வாசலைப் பெருக்கிய அம்மாள் மலாய்க்காரர்களைப் போல் சட்டையும் கைலியும் உடுத்தியிருந்தாள். "வணக்கம்" என்றேன். "வணக்கம்" என்று நிறைந்த சிரிப்போடு சொன்னாள். பிறகு அவள் பேசியதெல்லாம் மலாய். செட்டிகள் என்று இவர்களைச் சொல்கிறார்கள். பல தலைமுறைக்கு முன்பே நம் பக்கத்திலிருந்து வந்து, இங்கேயே பெண் எடுத்து, சாமியை வைத்துக்கொண்டு தமிழை விட்டுவிட்டவர்கள். எனக்கு முதலில் தலைமையாசிரியக் கோபம் வந்தது. அந்த அம்மாள் ஒரு தட்டில் தேங்காய்ப்பால் மணக்கும் பச்சை நிறப் பலகாரத்தைக் கொண்டுவந்து நீட்டியதும் போய்விட்டது.

அவள் கணவர் கோபால் பிள்ளை கவர்னரின் விழாவுக்கு ஏற்பாடு செய்யும் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. நெற்றியில் பட்டை விபூதி, கையில் ஒரு காகிதம். வேலைக்குப் போகிற வழியில், தெருக்காரர்தானே என்று அவரே கொண்டுவந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு மலாய் தெரியாது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், பதக்கம் வாங்குகிறவரோடு வரும் விருந்தினர் இரண்டு பேரின் பெயரை இதில் எழுத வேண்டும் என்று விளக்கினார்.

ஆங்கிலத்தில் என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று மாவட்டக் கல்வி அதிகாரியே பாராட்டியிருக்கிறார். பேனாவை வாங்கினேன். முதல் வரியில் பாக்கியத்தின் பெயர். இரண்டாவது வரியில், தினமும் வருகைப் பதிவேட்டில் எழுதிப் பழகிய கை, தானாகவே எழுதிவிட்டது: எஸ். இராமலிங்கம். கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறித் திருப்பம் தாண்டிய பிறகுதான் என்ன எழுதினேன் என்பது எனக்கு உறைத்தது. எழுந்து ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றுவிட்டது. பெரிய சாலைக்கு வந்தபோது சைக்கிள்கள் ஒரு ஐம்பது போய்க்கொண்டிருந்தன, எல்லார் முதுகும் ஒன்றாகத் தெரிந்தது.

மத்தியானம் வந்த தம்பியிடம், பாக்கியம் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கைகழுவப் போனவன், குழாயைத் திறந்தபடியே நின்றான்.

"ஐசி அந்தப் பேருல. பிரஜா உரிமை சூரா அந்தப் பேருல. சத்தியம் பண்ணி வாங்கினதுண்ணே. பொய்ப் பேருன்னு தெரிஞ்சா பிங்காட்ட விடுங்க, பிரஜா உரிமையப் புடுங்கிருவாங்க. அப்புறம் நான் எந்த நாட்டு ஆளு?"

ஐசி என்றால் அடையாள அட்டை, சூரா என்றால் பத்திரம், பிங்காட் என்றால் பதக்கம். அது இந்த நாட்டுக் குடிமகனுக்கு மட்டும்தான். அந்தப் பதக்கத்துக்கு அவன் பெயரை எழுதியபோதே யாராவது தோண்டிப் பார்ப்பார்களோ என்று பயந்திருக்கிறான். யாரும் தோண்டவில்லை. கடல் தாண்டி வந்து நான் தோண்டிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் உட்கார்ந்தால் பாக்கியத்துக்கு எங்கள் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, அவன் வேலை செய்த இடங்களைக் காட்டுவதாகச் சொல்லி என்னை அழைத்துப் போனான். பத்து பெரெண்டாம் போகும் பஸ் என்று ஏறினோம். கவலையில் அவனும் பலகையைப் பார்க்கவில்லை. பஸ் செங் என்ற வேறு ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடம் இந்த ஊரின் சாக்கடைகளையெல்லாம் தெரிந்தவன், பஸ் மாறி ஏறிவிட்டான். இறங்கித் திரும்பி நடந்தோம். வெயிலும் புழுக்கமும் நம் ஊர் ஐப்பசி மாதத்தைப் போல, மழை வரப்போகிறது வரப்போகிறது என்று மிரட்டிக்கொண்டே இருந்தன.

நடக்கும்போது அவன் கை தன்னால் நீண்டு நீண்டு இடங்களைக் காட்டியது. இந்தச் சடக்கின், அதாவது சாலையின், ஓரம் முழுக்க அப்போது சதுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குட்டை. ஜப்பான்காரன் காலத்தில் எண்ணெய் கிடையாது, சம்பளம் கிடையாது, மேலதிகாரி துரைமார் எல்லாம் ஓடிவிட்டார்கள் அல்லது சிறையில். காய்ச்சலில் வீட்டுக்கு வீடு சாவு. இவன் மட்டும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு செமாபோக் வரை நடந்து நடந்து, தண்ணீர் தேங்கும் பள்ளங்களை மண் போட்டு மூடியிருக்கிறான்.

"யாருடா உன்னைச் செய்யச் சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? தண்ணி நிக்குதுல்ல."

 நான் வழியில் தென்பட்ட ஒரு சீனர் கோப்பிக் கடைக்குள் நுழைந்தேன். இங்கே கோப்பியைப் பீங்கான் மங்கில் ஊற்றி அடியில் கெட்டிப் பாலை விட்டுக் கொடுக்கிறார்கள்; கலக்காமல் குடித்தால் மேலே கஷாயம், கீழே பாயசம். நான் கலக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கடையே அதிரக் கூப்பிட்டது.

"ராமலிங்கம்!"

"என்ன?" என்றேன் திரும்பி, வகுப்பறைக் குரலில்.

வாசலில் தம்பியின் வேலையிடத்து மண்டோர் நின்றார். மண்டோர் என்றால் மேஸ்திரி. அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். நான் சட்டென்று கடைக்காரர் பக்கம் திரும்பி, "என்ன... என்ன விலை இந்த ரொட்டி?" என்று தமிழில் கேட்டேன். சீனர் ஒன்றும் புரியாமல் இரண்டு ரொட்டிகளைத் தட்டில் வைத்தார். மண்டோர் தம்பியின் முதுகில் தட்டி வாழ்த்திவிட்டுப் போகும்வரை அந்த ரொட்டியை மென்றுகொண்டே இருந்தேன். விழுங்க முடியவில்லை.

"வேணாம்னு எழுதிக் குடுத்துருவமாண்ணே?" என்றான் தம்பி. "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வீட்லயே இருந்துருவம்."

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. பயந்த இடத்திலிருந்து விலகிப்போவதில் எனக்கு அனுபவம் உண்டு. ஆனால் அந்த மண்வெட்டி கண்ணில் நின்றது.

"முடியாது. வாங்கித்தான் ஆக வேண்டும்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையே ஆள் வந்துவிட்டது. விருந்தினர் பட்டியலில் பதக்கம் வாங்குபவரின் பெயரே இரண்டாம் முறை வந்திருக்கிறது, விளக்கம் தேவை, இருவரும் நேரில் வரவும். பாக்கியம் என்னவென்று கேட்டாள். நாற்காலி போடும் விஷயம் என்று தம்பி சொன்னான்.

போகும் வழியில் பாடம் ஒப்பித்தோம். நான் அண்ணன் இல்லை; பெரியப்பா மகன். இரண்டு பேருக்கும் தாத்தா பெயரை வைத்தார்கள். நம்மில் ஊருக்கு ஊர் நடக்கிற வழக்கம்தான், யாருக்கும் சந்தேகம் வராது. பெரியப்பா மகனையும் நாம் அண்ணன் என்றுதான் சொல்வோம், அதனால் இதுவரை அண்ணன் என்று சொன்னதிலும் தப்பில்லை. எவ்வளவு கச்சிதமான பொய் என்று எனக்குள் ஒரு வாத்தியார் மதிப்பெண்கூடப் போட்டார். ஆங்கிலத்தில் செல்லப்பனுக்கும் பெரியப்பா சுப்பையாவுக்கும் முதலெழுத்து எஸ்தான்; அவர் பிள்ளையில்லாமல் செத்துப்போனவர் என்பது மட்டும்தான் இடித்தது.

அலுவலகம் ஆற்றங்கரையில் டச்சுக்காரர்கள் கட்டிய சிவப்புக் கட்டடத்தில் இருந்தது. படிகளின் உயரத்தில் பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. கோபால் பிள்ளை மேசையில் தெருக்காரரின் சிரிப்பு இல்லை. இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். மலாயில் கேட்டார், தம்பி மலாயில் சொன்னான். 'டத்தோ' என்ற சொல் வந்ததும், தாத்தா கதை நடக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

கோபால் பிள்ளை முகம் கொஞ்சம் இளகியது. அவர் சொன்னதைத் தம்பி எனக்குச் சொன்னான்: "எங்க வீட்லயும் தாத்தா பேரு மூணு பேருக்கு இருக்கு. எங்கம்மா கூப்புட்டா மூணு பேரும் போய் நிப்போமாம்."

நான் தேவைக்கு அதிகமாகச் சிரித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நேராக என்னைப் பார்த்து, ஆங்கிலத்தில் கேட்டார்: உங்கள் தகப்பனார் பெயர்?

அவர் நெற்றியில் விபூதி, என் நெற்றியிலும் விபூதி. சட்டைப் பையில் பாஸ்போர்ட், அதில் தகப்பனார் பெயர் செல்லப்பன். அதன் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அதைக் கையால் மறைத்தால் சந்தேகம் வரும், மறைக்காவிட்டால் கேட்டுவிடுவார்.

"சுப்பையா" என்றேன்.

பிள்ளையில்லாமல் செத்த பெரியப்பாவுக்கு அன்றைக்கு நாற்பத்தைந்து வயதில் ஒரு மகன் பிறந்தான். கோபால் பிள்ளையின் பார்வை ஒரு முறை என் சட்டைப் பைக்கு வந்துவிட்டுப் போனது. பிறகு பேனாவை எடுத்து, என் பெயருக்கு எதிரே சுப்பையா மகன் என்று எழுதி, தம்பியின் பிரஜா உரிமைப் பத்திரத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, முத்திரை குத்தினார். எப்படி நடந்து வர வேண்டும், எங்கே தலை குனிய வேண்டும், எத்தனை அடி பின்னால் வைக்க வேண்டும் என்றெல்லாம் தம்பிக்கு எழுந்து நின்று நடந்து காட்டினார்.

வெளியே வந்து ஆற்றங்கரைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். அப்பாவுக்குக் கொள்ளி போட்டவன் நான். அவர் இல்லை என் அப்பா என்று ஒரு அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அப்பா கோவிச்சுக்க மாட்டாருண்ணே" என்றான் தம்பி. அவனுக்கு அப்பாவைக் கடைசியாகப் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. 

விழா நாளன்று நாங்கள் மூவரும் மூன்றுவிதமாக வியர்த்தோம். தம்பி இரவல் கோட்டுக்குள். பாக்கியம் பட்டுப்புடவைக்குள். நான் எல்லாவற்றுக்குள்ளும். பாக்கியமும் நானும் ஏறிய மூன்று சக்கர ரிக்‌ஷாவின் சங்கிலி, கவர்னர் மாளிகைக் குன்றின் அடிவாரத்தில் கழன்றுவிட்டது. ஓட்டிய சீனப் பெரியவர் கறுத்த கையோடு அதைத் திரும்ப மாட்டுவதற்குள் மேலே வாத்தியம் கேட்டது. இறங்கி ஏறினோம். பாக்கியம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை முந்திக்கொண்டு போனாள்.

"மாமா, அவுங்க பேரு கூப்புட்டுட்டாங்களோ?"

கூப்பிடவில்லை. பதக்கம் வாங்குகிறவர்கள் இடதுபுறம் முன்வரிசையில், குடும்பத்தார் வலதுபுறம். தம்பியின் பின்கழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. கதவருகே கோபால் பிள்ளை கறுப்புத் தொப்பியோடு பட்டியலைப் பிடித்தபடி நின்றார். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஒரு மலாய்க்காரக் கிராமத் தலைவர், ஒரு சீனப் பள்ளி ஆசிரியர், ஒரு தாதி. என் கவலையெல்லாம் என் மேல்தான். கோப்பிக் கடையில் ஆனதைப் போல இங்கேயும் ஆகிவிட்டால்? பெயரைக் கேட்டதும் ஆறாம் வகுப்பிலிருந்து பழகிய உடம்பு தானாக எழுந்து நின்றுவிட்டால்? நாற்காலியின் அடிச் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

செல்லப்பன் மகன் இராமலிங்கம் என்று மலாயில் வாசித்தார்கள்.

நான் எழவில்லை. அசையவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் அவனும் எழவில்லை.

அவன் மெதுவாகத் திரும்பி, இந்தப் பக்கம், என்னைப் பார்த்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டால், அண்ணன் எழுந்திருப்பதைப் பார்க்கப் பின்பெஞ்சிலிருந்து எட்டிப் பார்ப்பானே, அதே பார்வை. உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கண்ணால் சொன்னான். இருபத்தைந்து வருடம் அந்தப் பெயருக்குப் பதில் சொன்னவன், நான் இருக்கும் இடத்தில் அது தன் பெயர் என்பதையே மறந்துவிட்டான்.

இரண்டாம் முறை வாசித்தார்கள். கவர்னர் தலை நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்த அதிகாரி குனிந்து ஏதோ கேட்டார். வாத்தியக்காரர்கள்கூடத் திரும்பினார்கள். பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் முறை கூப்பிடமாட்டார்கள், அடுத்தவருக்குப் போய்விடுவார்கள் என்று தோன்றியதும் எல்லாம் மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"டேய் வேலு! உன்னைத்தான்டா! எழுந்து போடா!"

அந்தக் கூடத்தில் அவ்வளவு பெரிய சத்தத்தை அதற்கு முன் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அவன் துள்ளி எழுந்தான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான். சொல்லிக்கொடுத்த இடத்தில் குனிந்தான். கவர்னர் சிரித்தபடியே அவன் நெஞ்சில் பதக்கத்தைக் குத்தினார். எத்தனை அடி பின்னால் வைத்தான் என்று நான் எண்ணவில்லை. என் கண் நிறைந்துவிட்டது, அதற்குள் உட்கார்ந்தும்விட்டேன், உட்கார்ந்த பிறகுதான் என்ன சொல்லிக் கத்தினேன் என்பது எனக்கே கேட்டது.

பாக்கியம் என் பக்கம் திரும்பவில்லை.

முடிந்ததும் புல்தரையில் தேநீர் கொடுத்தார்கள். தம்பி வந்து நின்றான். "அண்ணன் இருக்கையில நான் எப்புடி எந்திரிக்கிறது?" என்று மட்டும் முணுமுணுத்தான். அதற்குள் கோபால் பிள்ளை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். போச்சு என்று நினைத்தேன். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

அவர் தம்பிக்குக் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். என் கையை விடாமலே தம்பியிடம் மலாயில் ஏதோ நீளமாகச் சொன்னார். தம்பியின் முகம் வெளுத்தது. பிறகு அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் பலகாரத் தட்டை நோக்கிப் போய்விட்டார்.

"என்னடா சொன்னார்?"

"'கவர்னரு முன்னால இப்புடி அதட்டணும்னா கூடப் பொறந்தவனாத்தான் இருக்கணும். பெரியப்பா மகனுக்கு இவ்வளவு துணிச்சல் வராது'ங்கிறாரு."

"அப்புறம்?"

"பலகாரம் நல்லாருக்கு, சாப்பிடச் சொல்லுன்னாரு."

அவர் அன்று மாலையே எழுதி அனுப்புவாரா, அடுத்த வாரம் அனுப்புவாரா, அனுப்பவே மாட்டாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இதை எழுதும் இந்த நாள்வரை, தபால்காரர் வந்தால் நான்தான் முதலில் வாசலுக்கு ஓடுகிறேன். இதுவரை ஒன்றும் வரவில்லை.

ஆனால் அப்போது என் பயம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. குன்றிலிருந்து இறங்கி பஸ் நிற்கும் இடத்துக்கு வரும்வரை பாக்கியம் எங்களுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். தம்பி கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு சாலையையே பார்த்தான். பதக்கம் கோட்டோடு தலைகீழாகத் தொங்கியது. அவள் அதை எடுத்துக் கழற்றி, முந்தானையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, வேலுங்கிறது யாரு?"

தம்பி பதில் சொல்லமாட்டான் என்று தெரிந்தது. இந்த முறை எழுந்து நிற்க வேண்டியவன் நான். எல்லாவற்றையும் சொன்னேன். முகாம், சீட்டு, உப்புக் கிடங்கின் பின்னால் நான் உட்கார்ந்திருந்தது. யாரிடமும், என் மனைவியிடம்கூட, சொல்லாத கடைசிப் பகுதியையும் சொன்னேன்: கப்பல் சங்கு ஊதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. காஜா பெராங் போகும் பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. நாங்கள் யாரும் ஏறவில்லை.

அவள் கேட்டு முடித்தாள். இனி இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது, தம்பிக்கும் கிடையாது என்று நினைத்தேன். அவள் கணவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருவத்திரெண்டு வருசமா குடும்பம் நடத்துறேன். ஒரு நாளாச்சும் அந்தப் பேரச் சொல்லி ஒங்களக் கூப்புட்டிருக்கேனா?"

"இல்ல" என்றான் தம்பி.

"புருசன் பேரச் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா அடிச்சு வளத்தாங்க. ஆஸ்பத்திரில கேட்டாக்கூட ஐசியத்தான் நீட்டுவேன்." அவள் பதக்கத்தை மடியில் முடிந்துகொண்டாள். "நான் இன்னொருத்தர் பேரச் சொல்லலீல்ல? அப்ப எனக்கு நீங்க பொய்யில்ல. கவுருமெண்டுக்கு வேணா பொய்யா இருந்துட்டுப் போங்க."

தம்பி அழுதுவிட்டான். நாற்பதைத் தாண்டிய ஆள், பஸ் நிறுத்தத்தில், இரவல் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

அடுத்த பஸ் வந்தது. ஏறும்போது அவள் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"முழுப் பேரு வேலாயுதமா மாமா?"

"ஆமாம்மா."

அவள் உதடு ஒரு முறை அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதையும் சொல்ல முடியாதே" என்றாள்.